பந்தயக் கப்பலின் பலகைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பந்தயப் பாய்க்கப்பல் ஒன்றின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். உடைக்கப்பட்ட அதன் பலகைகள் அஹுன்ட்சிக் என்ற நகர்ப்பகுதியில் ஒரு பழைய வீட்டின் முன்னறைத் தரையாகியிருந்தன; அவற்றைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் மன்னாரைச் சேர்ந்தவர்; நரைத்த மீசை. அந்த அறையில் மட்டும் படகில் நிற்பவரைப்போலக் கால்களை அகட்டியே நடந்தார்.

“இஞ்சை ஆரோ நடக்கிற சத்தமாம். மனுசி பயந்துபோய் கர்க்லாண்டிலை தங்கச்சி வீட்டை நிக்கிறா,” என்றார். “கப்பலிலை ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை. இண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திடுவன்.”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பந்தயத்திலை ஒரு பெடியன் தண்ணிக்கை விழுந்தவன். உடம்பு கிடைக்கேல்லை.”

அவர் குனிந்து தரைப்பலகையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு மெதுவாக, “தம்பி, போட்டி முடிஞ்சுது. இறங்கிப் போ ராசா,” என்றார்.

பலகை ஒன்று முனகியது. ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட எழுதாதவன் நான். ஆனாலும், அவரைக் கேளாமலே எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்துவிட்டேன்.