மச்சானின் விமானத்துக்கு நான் போட்ட பிளக்

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, அதன் வெள்ளைப் பீங்கானில் அச்சடித்திருக்கும் எழுத்துகளை வாய்க்குள் வாசித்தபடி மச்சான் என் கராஜ் வாசலில் நிற்பார். என் தங்கையின் கணவர். கல்முனைப் பக்கம் வீடுகளுக்கு மின்சார வயர் இழுப்பது அவர் தொழில். புல் வெட்டும் மெஷினின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிச் சின்ன விமானத்தில் பூட்டிப் பறக்கவிடுவது அவர் பைத்தியம். எனக்குத் தெரிந்தது ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும்தான். ஒரு பிளக் எடுக்க அரை மணித்தியாலம் நிற்பவரைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

"என்ன மச்சான், மாப்புள பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்காய்?"

"மாப்புள பிழையாப் போனா ஊட்டுக்குள்ள கிடப்பான். இது பிழையாப் போனா வானத்தில இருந்தெல்லோ விழும்."

பிளக்கின் திருகு மரை நீளம் கொஞ்சம் கூடினாலும் பிஸ்டன் வந்து இடிக்கும் என்பார். சூட்டை வெளியே விடாத பிளக் போட்டால் எஞ்சின் கொதிக்கும், சூடே ஏறாததைப் போட்டால் கரி படிந்து நடுவானில் நிற்கும். இவ்வளவும் பார்த்த பிறகு, இலக்கங்களோடு ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. பிளக்கின் பொறி ரேடியோவில் கேட்கும் கரகரப்புப் போல ஓர் இரைச்சலைக் கிளப்புமாம். ரெசிஸ்டர் அதை அமுக்குமாம். அமுக்காவிட்டால் ரிமோட் சொல்வது விமானத்துக்குள் இருக்கும் ரிசீவருக்குக் கேட்காதாம். அவரிடம் இருந்ததோ பழைய காலத்து ரிமோட்.

எனக்கு இது ஏறவில்லை. நான் தொழில் பழகிய கராஜில் ரெசிஸ்டர் என்றால் பொறியைத் தின்கிற சாமான். மக்கர் பண்ணுகிற ஓட்டோ வந்தால் அந்த எழுத்து இல்லாத பிளக்கைப் பூட்டுவோம். ஒரே இழுவையில் பிடிக்கும். இருபது வருடம் கையால் செய்த வேலை, வயர்க்காரன் ஒருவன் சொன்னதற்காகப் பிழையாகிவிடுமா என்று நினைத்தேன்.

அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்வட்டைக்கு நாலு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் இருவரும் போனோம். இரண்டு வருடம் இருந்து செய்த விமானம். எஞ்சின் இருமி இருமி நின்றது. மச்சான் வரம்பில் துணியை விரித்துப் பின்னேரத் தொழுகையான அசரைத் தொழுதார். அவர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிப்பதற்குள் நான் அவருடைய பிளக்கைக் கழற்றி, ஆர் எழுத்து இல்லாத என் பிளக்கைப் பூட்டிவிட்டேன். பிறகு ஒரே சுழற்றலில் எஞ்சின் பிடித்தது.

"மச்சான்ட கை பட்டாத்தான் இது கேக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தலைக்கு மேல் இரண்டு வட்டம் அழகாக அடித்தது. மூன்றாவது வட்டத்தில் கொஞ்சம் தூரம் போனது, திரும்பவில்லை. "கேக்குதில்ல மச்சான், கேக்குதில்ல" என்று ரிமோட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். விமானம் வாய்க்கால் கட்டில் குத்தி விழுந்தது.

நான்தான் முதலில் ஓடினேன். ஓடிய வேகத்தில் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். விழுந்த அடியில் ரிசீவரின் வயர் ஒன்று கழன்று தொங்கியது. மச்சான் அதைத் தூக்கிப் பார்த்தார். "இதான். நான் ஈயம் வெச்சு ஒட்டினது விட்டிருக்கு" என்றார். நான் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் விமானம் செய்யவில்லை. அது போகட்டும். தொழிலிலும் தன் கையை நம்பாமல் போனார். பூட்டிய சுவிட்சைத் திரும்பக் கழற்றிப் பார்ப்பார். முடித்துக் கொடுத்த வீட்டுக்கு மறுநாளும் போய்த் தட்டுவார். இரவாகித்தான் வீட்டுக்கு வருகிறார் என்று தங்கை முறையிடுவாள். "வயர் இழுக்க ஒரு நாள், பாக்க ஒம்பது நாள்" என்று சனம் நக்கலடித்தது. பிறகு வேறு ஆட்களைக் கூப்பிடத் தொடங்கியது. நாலு வருடம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்றே காலம் போனது. களைத்துவிட்டேன்.

போன மாதம் என் கராஜுக்கு லைட் பூட்ட வந்தார். ஏணியில் நின்று, பூட்டி முடித்த வயர்ப் பெட்டியை மூன்றாவது தடவையும் திறந்தார். கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கை மாற்றியதையும், ஒளித்ததையும்.

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப, நான் ஈயம் வெச்சது சரியா மச்சான்?"

"ஓம். சரிதான்."

பெட்டியை மூடினார். திருகாணிகளை இறுக்கினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருக்காக எடுத்து வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. அதற்குப் பிறகு கராஜ் பக்கம் வரவில்லை.

நேற்று தங்கை வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னமோ தெரியா காக்கா, இப்பெல்லாம் அவர் பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்ல முன்னமே ஊட்ட வந்திர்றார்" என்றாள்.