குடலிறக்கம் என்று சொன்னோம்

மாசி மாதத்தில் ஒரு காலை, கொத்தமல்லி பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அது முதல் தடவையாக வெளியே வந்தது. குத்துக்காலிட்டு வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தேன். தொடைகளுக்கு நடுவே ஏதோ நழுவி, ஈரமாக, கனமாக நின்றது. எழுந்தேன். போகவில்லை. புடவையைச் சரிசெய்வதுபோலக் கை வைத்துப் பார்த்தேன். சதை. என்னுடைய சதைதான்.

சூளகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மேட்டில் மாமரங்கள், கீழே கிணற்றுத் தண்ணீரில் கொத்தமல்லியும் புதினாவும், வீட்டை ஒட்டி இரண்டு மாடுகள். கணவர் கோவிந்தன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மகள் சுதாவும் அங்கேதான் வேலை. விடுதியில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவாள். மற்ற நாட்களில் நிலம் என் பொறுப்பு.

அன்று வீட்டுக்குள் போய்ப் படுத்ததும் அது தானாக உள்ளே போய்விட்டது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது. படுத்தால் போய்விடுகிறதே, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இதை ‘அடி இறங்குறது’ என்பார்கள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். பெண்கள் அதைச் சொல்லும்போது குரல் எப்படித் தாழும் என்பதும், கூடவே ஒரு சிரிப்பு வரும் என்பதும் தெரியும். முன்பு எங்கள் மாடு கன்று போட்டபின் அதற்கும் கருப்பை வெளியே வந்தது. தெருவில் பாதிப்பேர் கூடியிருக்க, கால்நடை மருத்துவரிடம் எல்லாவற்றையும் நானே உரக்க விளக்கிச் சொன்னேன். மாட்டுக்குச் சொல்ல வந்த வாய் எனக்கு வரவில்லை.

பழைய புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். வெயில் ஏறுமுன் கொத்தமல்லியைக் கட்டி, சந்தைக்குப் போகும் டெம்போ நிற்கும் ரோடுவரை தலையில் சுமந்து போக வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் அது இன்னும் கீழே இறங்கும். மாலையில் பால் கறக்க உட்கார்ந்தால் உரசி எரியும். போகப்போக ஒரு வாடை. பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். சுதா மடியில் தலை வைக்க வந்தால், அடுப்பில் வேலை இருப்பதுபோல எழுந்துவிடுவேன். கணவரிடம் இடுப்பு வலி என்றேன். அவர் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டேன்.

அப்படியே ஒரு வருடம் போய்விட்டது. அடுத்த மாசியில் மாமரங்கள் நிறையப் பூத்தன. மேட்டுக்குப் போனாலே தேனீச் சத்தம். புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று துளிர்த்திருந்தது. புளி உலுக்கி ஓடு தட்டும் வேலையும் சேர்ந்துகொண்டது. அந்த வேலைக்கு நடுவில்தான் ஒருநாள் காலையிலிருந்து எனக்குச் சிறுநீர் வரவில்லை. மதியத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பினேன்.

“ஏங்க, ஒண்ணுக்குப் போக முடியல.”

“எப்ப இருந்து?”

பதில் சொல்ல ஆரம்பித்து, ஒரு வருடத்தையும் சொல்லி முடித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன சரோஜா?”

“எப்படிங்க சொல்றது?”

அவர் ஆட்டோ பிடிக்கப் போனார்.

கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவமனையில் முதலில் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார்கள். வலி இறங்கியது. பிறகு ஒரு பெண் மருத்துவர் வந்தார். என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். அவருக்குப் பின்னால் மாணவர்கள். நான் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி, “நீங்க வெளிய இருங்க” என்று அவர்களை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“புண்ணாயிருக்கும்மா. இவ்வளவு நாள் எப்படி வேலை செஞ்சீங்க?”

“புற்றா டாக்டர்?”

“பார்த்தா அப்படித் தெரியல. டெஸ்ட்டும் பண்ணிடலாம்.”

அது புற்று இல்லை. கருப்பை இறக்கம் (கருப்பையைத் தாங்கும் தசைகள் தளர்ந்து, அது பிறப்புவழியே கீழே இறங்குவது). கூடவே சிறுநீர்ப்பையும் இறங்கி மடங்கியதால்தான் அடைப்பு. பிரசவம், பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், வயது எல்லாம் காரணமாகலாம் என்றார். சிலருக்குப் பெஸ்ஸரி (கருப்பையைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம்) போதுமாம். சீக்கிரம் வந்திருந்தால் எனக்கும் அதை வைத்துப் பார்த்திருக்கலாமாம். புண்ணை ஆற்றிவிட்டு, கீழ்வழியாகவே கருப்பையை எடுத்து, தளர்ந்த இடங்களைத் தைத்தார்கள். முதுகில் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. கால்களைத் தூக்கிக் கட்டியது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வார்டில் சுதா என்னைத் துடைத்துவிட்டாள். “நீ வெளிய போடி, நர்ஸ் பாத்துக்குவாங்க” என்றேன்.

“எனக்கு நீ செய்யலையாம்மா? காலை நகத்து” என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது யுகாதி வந்தது. பக்கத்து நிலத்து லட்சுமம்மா, தெலுங்குக்காரர், ஒப்பட்டு (பருப்புப் போளி) கொண்டுவந்தார். “என்ன ஆபரேஷன்?” என்று வாசலில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கணவர், “குடலிறக்கம்க்கா” என்றார். எனக்காகத்தான் சொன்னார். நானும் நன்றியோடு தலையாட்டினேன். பிறகு அதுவே உறுத்தியது. என் உடம்பில் நடந்ததை வேறு ஒரு நோயின் பெயரில்தான் வெளியே விட முடிகிறதே என்று இருந்தது.

சித்திரையில்தான் நிலத்துக்கு நடந்தேன். பூவாக விட்டுப்போன மாமரங்களில் எலுமிச்சை அளவு காய். மாவடு விழுவதை நான் பார்க்காத முதல் வருடம் அது. கொத்தமல்லியைக் கணவர் பாதியாகக் குறைத்து, கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார். எனக்கு ஒரு ஸ்டூல். தூக்கக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

லட்சுமம்மா தலையில் புல்கட்டோடு வரப்பில் வந்தார். என் பக்கத்தில் நின்றார். கட்டை இறக்கவில்லை.

“குடலிறக்கம்னா தையல் எங்க போடுவாங்க?”

என் முகம் சுட்டது. கணவர் தூரத்தில் மோட்டார் பக்கம் இருந்தார்.

“குடல் இல்லைக்கா. அடி இறங்கிருச்சு. ஒரு வருஷம் சொல்லாம வெச்சிருந்தேன்.”

அவர் கட்டை மெல்லக் கீழே போட்டார். சிரிக்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “பொம்பள டாக்டர்தானா? எந்தப் பக்கம் போகணும்?”

சொன்னேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தப் புல்கட்டை என் கணவர்தான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி இருந்தால் சீக்கிரம் போய்க் காட்டுங்கள். கூச்சம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் போகவில்லை. எழுதும்போதும் கூசுகிறது.

முன்பெல்லாம் என் நாள் டெம்போ வருவதற்கு முன், வந்துபோன பின் என்று இரண்டாக இருந்தது. இப்போது எதற்குக் குனிந்தாலும் முதலில் நிற்கிறேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி உள்தசையை இறுக்கிப் பிடித்து, மூச்சை விட்டு, அப்புறம்தான் குனிகிறேன். கீரை வாடினாலும் மாடு கத்தினாலும் அந்த ஒரு மூச்சு நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.