காலுக்குள்ளே ஒழுங்கைகள்

என் கணவர் கொழும்பு காலி வீதியில் நடந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருந்து சந்தைக்குப் பத்து நிமிட நடை. அவரோடு போனால் முக்கால் மணித்தியாலம். முதலில் மருந்து விற்கும் பாமசி வாசலில் நிற்பார். பிறகு சேலைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால். பிறகு பேக்கரிக்கு முன்னால். இடையில் யாராவது தெரிந்தவர் வருவார். வெள்ளவத்தையில் பத்தடி நடந்தால் ஒரு சொந்தக்காரர் அகப்படாமல் இருக்கமாட்டார். கதை தொடங்கினால், கனடாவில் இருக்கும் அவர்களுடைய மருமகளின் பிரசவம் வரைக்கும் விசாரித்து முடித்துத்தான் அடுத்த அடி வைப்பார்.

எனக்கோ கோபம் மூக்குநுனியில். "அந்தப் பொம்மைக்குச் சேலை உடுத்திவிடப் போறீங்களோ? வாங்கோ அங்கால!" என்று கடைக்குள் நிற்கும் பெட்டைகளுக்கும் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு, "நல்ல நிறம். உமக்கு எடுக்கலாமோ எண்டு பாத்தனான்" என்பார். முப்பத்தாறு வருடத்தில் எனக்கென்று முகம் துடைக்கிற ஒரு லேஞ்சிகூடத் தானாக வாங்கி வராத மனுசன்! அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஊராருக்கு அவர் தங்கமான மனுசன். "உங்கட அவரைப்போல வருமோ? ஆளைக் கண்டா நிண்டு சுகம் கேட்டுத்தான் போவார்" என்று என்னிடமே வந்து சொல்லுவார்கள். ஒருநாள் எங்கள் தொடர்மாடிச் சங்கத்துச் செயலாளரோடு கால்மணித்தியாலம் நின்று கதைத்தார். தண்ணீர்த்தொட்டி விஷயத்தில் சண்டை பிடித்து, இரண்டு வருடமாக இவர் முகம் கொடுக்காத ஆள் அது. அன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வயது போகப் போக மனுசனுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் விஞ்ஞான ரீச்சர். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தேழு வருடம் குருதிச் சுற்றோட்டம் படிப்பித்தவள். சிவப்புச் சோக்கும் நீலச் சோக்கும் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் இதயப் படம் கீறுவேன். நாலு அறை, வால்வு, நாடி, நாளம், நுரையீரல் எல்லாம் அச்சொட்டாக வரும். கடைசியில் கீழே ஒரு பெட்டியைக் கீறி, 'உடலின் ஏனைய பகுதிகள்' என்று எழுதிவிட்டுக் கையில் இருந்த சோக்குத் தூளைத் தட்டுவேன். கால் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன வருடம் சித்திரை வெயிலில் புதுச் செருப்பு ஒன்று அவருடைய இடது காலின் சின்னவிரலைக் கடித்துவிட்டது. மிளகளவு புண். ஒரு கிழமை போனது, மூன்று கிழமை போனது, ஆறவில்லை. விரலைச் சுற்றிக் கறுக்கத் தொடங்கியது. சீனி வருத்தமாக்கும் என்று பயந்து இரத்தம் சோதித்தோம். சீனி இல்லை. "ஒரு சின்னக் காயத்துக்கு ஏன் இந்த அமளி?" என்று அவர் என்னைத்தான் பேசினார்.

ஒரு பின்னேரம் அந்தக் காலை என் மடியில் இழுத்து வைத்து மருந்து போட்டேன். புண்ணை அழுத்தித் துடைத்தும் அவர் முகம் சுளிக்கவில்லை. விரல் விறைத்து மரத்துப்போய் இருக்கிறது என்றார். கொழும்பே அவிந்துகொண்டிருந்த நேரம், அந்தப் பாதம் பிரிட்ஜில் இருந்து எடுத்த கிழங்கு மாதிரிக் குளிர்ந்தது. வலது பாதத்தைத் தொட்டேன். சூடு. திரும்பவும் இடதைத் தொட்டேன். குளிர்தான்.

அடுத்த நாளே இரத்தக்குழாய் டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்ப் பெண். நான் படிப்பித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். டொக்டர் இவருடைய பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கொஞ்சநேரம் கண்ணை மூடினார். பிறகு பேனை போன்ற ஒரு கருவியை எடுத்து, வலது காலில் களிம்பு தடவி வைத்தார். விஷ்... விஷ்... விஷ்... என்று அறை முழுக்கச் சத்தம்.

"இது அங்கிளின்ர ரத்தம் ஓடுற சத்தம், அன்ரி."

முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டறியாத சத்தம். அவருடைய குறட்டை தெரியும், இருமல் தெரியும், கதவு திறக்கும் விதம் தெரியும். இது தெரியாது. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பேனை இடது காலுக்குப் போனது. வெறும் இரைச்சல். இடம் மாற்றி மாற்றி வைத்தார். கணுக்காலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெல்ல வந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"நடக்கேக்க கெண்டைக்கால் இறுக்கிப் பிடிச்சு நோகுமோ, அங்கிள்?"

என் கணவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"நிண்டா நோ போயிடுமோ?"

"ஓம்."

"எவ்வளவு தூரம் நடந்தா நோகும்?"

"முந்தி சந்தை வரைக்கும் ஒரே மூச்சில போவன். பிறகு பேக்கரி வரைக்கும். போன வருசம் சேலைக்கடை வரைக்கும். இப்ப பாமசி வாசலிலயே பிடிச்சிடும்."

ஐயோ கடவுளே! காலி வீதி முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சேலையும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. நோவுக்குத்தான் மனுசன் நின்றிருக்கிறார். நின்று நின்று கதைப்பது எங்கள் ஊர்ச் சனத்தின் வழக்கம் என்பதால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. செயலாளரோடுகூட நின்று கதைத்தாரே, அப்படி நிற்க எவ்வளவு நோ இருந்திருக்கும்?

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வயசுக்கு வாறது எண்டு நினைச்சன். சொன்னா நீர் பயப்பிடுவீர்."

"நான் பயப்பிடுறதோ? நான் கத்துவன் எண்டு சொல்லுங்கோ!"

"அதுவும்தான்," என்றார்.

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளங்கப்படுத்தினார். "இருதய வருத்தம் எண்டா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுறது எண்டுதான் கனபேர் நினைக்கினம், அன்ரி. ரத்தம் கொண்டுபோற நாடியின்ர உள்சுவரில கொழுப்புப் படிஞ்சு தடிக்கிறதுதான் அடிப்படை. இருதயத்தின்ர நாடியில அடைச்சா மாரடைப்பு. மூளைக்குப் போறதில அடைச்சா பாரிசவாதம். காலுக்குப் போறதில அடைச்சா இது. ஒரே வருத்தம், இடம்தான் வேற. அங்கிளுக்குக் கால் முதல்ல சொல்லியிருக்கு. மற்றதுகள் எப்பவும் சொல்லிப்போட்டு வராது."

சிகரெட் குடித்தாரா என்று கேட்டார். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுக்கக் குடித்தவர், விட்டுப் பதினொரு வருடம் என்றேன். "விட்டது நல்லம். விடாட்டி இந்தக் கால் எப்பவோ போயிருக்கும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். புண் ஆற இரத்தம் வேண்டும். வழி திறக்காவிட்டால் முதலில் விரல் போகும். பிறகு பாதம் போகலாம். நான் கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

அந்தக் கிழமையே இருதயத்தையும் பார்த்தார்கள். இருட்டறையில் அவரைச் சரித்துப் படுக்கவைத்து நெஞ்சில் கருவியை வைத்தபோது, திரையில் வால்வு திறந்து மூடியது. திறந்து மூடியது. இருபத்தேழு வருடம் நான் கீறிய இதயம் ஒருநாளும் அசைந்ததில்லை. இது நான் இவரைக் காணும் முன்பிருந்தே, ஒருவரும் சொல்லாமல், ஒருநாள் லீவு எடுக்காமல் அசைந்துகொண்டிருக்கிறது. படம் எடுத்தவர் நல்ல மனுசன், நான் ரீச்சர் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். சிலருக்கு இந்த வால்வு சரியாக மூடாது, சிலருக்குத் துடிப்பின் தாளம் தவறும், சிலருக்குத் தசை சோர்ந்து காலில் நீர் வைக்கும், எல்லாம் வேறு வேறு வருத்தம் என்றார். இவருக்குப் பிரஷரால் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, மற்றப்படி நன்றாக வேலை செய்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் என்னை அப்படியே உலுக்கிப் போட்டது காலின் ஸ்கேன் படம்தான். டொக்டர் அதைக் கம்பியூட்டரில் திறந்தார். இடுப்பில் இருந்து இரண்டு நாடிகள் பிரிந்து இறங்கின. வலது கால் நாடி பாதம் வரைக்கும் போனது. இடது கால் நாடி தொடை நடுவில் அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு சாண் இருட்டு. பிறகு முழங்காலுக்குக் கிட்ட அதே நாடி திரும்பவும் தொடங்கியது.

"இடையில ஒண்டும் இல்லையே. அப்ப கீழ ரத்தம் எப்பிடிப் போனது?" என்று கேட்டேன்.

அவர் படத்தைப் பெருப்பித்தார். இருட்டென்று நான் நினைத்த இடத்தில் மெல்லிய நூல்கள். நெளிந்து, சுருண்டு, அடைப்புக்கு மேலே புறப்பட்டு, சுற்றிவளைத்துக் கீழே போய்ச் சேர்ந்தன.

"இதுகள் முந்தியே இருந்த சின்னக் கிளையள், அன்ரி. பெரிய நாடி அடைக்க அடைக்க இதுகள் பெருத்திருக்கு."

"காலி வீதியை மறிச்சா ஓட்டோக்காரர் பக்கத்துச் சின்ன ஒழுங்கையால பூந்து போற மாதிரி."

"அதேதான். ஆனா இந்த ஒழுங்கையள் முதல்ல ஒரு ஆள் போற அகலம்கூட இல்லை. ஓட்டோ போற அளவுக்கு உடம்பு தானே அகட்டியிருக்கு. கனகாலம் எடுத்திருக்கும்." பிறகு என் கணவரைப் பார்த்தார். "நோகுமட்டும் நடந்து, நிண்டு, நோ போனபிறகு திருப்பி நடக்கிறது. இந்த வருத்தத்துக்கு மருந்தோட சேர்த்து நாங்கள் சொல்லுற பயிற்சியே அதுதான். அங்கிள் தெரியாமலே செய்திருக்கிறார். நேரத்தோட வந்திருக்க வேணும், அது வேற கதை. ஆனா கால் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சதுக்கு அந்த நடையும் ஒரு காரணம்."

நான் அந்த நூல்களையே பார்த்தேன். சேலைக்கடைக்கு முன்னால் நான் தொண்டை கிழியக் கத்தின பொழுதெல்லாம், அவர் போட்டிருந்த களிசானுக்குள்ளே, ஒரு சத்தமும் இல்லாமல், இந்த வேலை நடந்திருக்கிறது. யார் சொன்னது அந்தக் கிளைகளுக்கு, பெரிய வழி மூடுகிறது, நீங்கள் அகலுங்கள் என்று? யார் காட்டினது எங்கே திரும்பிச் சேரவேண்டும் என்று? என் கை தானாகக் கூப்பிவிட்டது. கோயிலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை. வெட்கமாகவும் இருந்தது, உடம்பு புல்லரித்தது. 'ஏனைய பகுதிகள்' என்று எழுதினேனே, பாவி!

உயிர் கொடுக்க அந்த ஒழுங்கைகள் போதும், புண்ணை ஆற்றப் போதாது என்றார் டொக்டர். அதனால் ஒரு வியாழக்கிழமை அரையில் தொடை தொடங்கும் இடத்தால் கம்பி விட்டு, பலூனால் அடைப்பைத் திறக்க நாள் வைத்தார்கள். கம்பி அடைப்பைத் தாண்டும் என்று உறுதி சொல்ல ஏலாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே கதிரையில் இருந்து நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. பக்கத்தில் ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரோடும் இரண்டு தரம் சண்டைக்குப் போனேன்.

மத்தியானம் வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். சிங்கள நர்ஸ் மிஸ் அந்தப் பேனைக் கருவியோடு வந்தார். இடது பாதத்தில் களிம்பு தடவி வைத்தார். இரைச்சல். கொஞ்சம் நகர்த்தினார். இரைச்சல்தான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினார்.

விஷ்... விஷ்... விஷ்...

"எனவா, அம்மே! எனவா!" வருகிறது, வருகிறது என்று மிஸ்ஸும் சிரித்தார். "மிஸ், தவ சரயக்!" இன்னொருக்கா என்று கெஞ்சினேன். அவர் திரும்பவும் வைத்தார். ஆறு, ஏழு தரம் கேட்டிருப்பேன். காலைத் தொட்டேன், சூடு ஏறத் தொடங்கியிருந்தது. கொஞ்சநேரத்தில் டொக்டரும் வந்து பார்த்து, "பாதம் தப்பியிட்டுது, அன்ரி. விரலையும் பாப்பம், ஆறும் போலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிபோல அவர் கண் விழித்தார். முகம் சுருங்கியது. "என்ன?" என்றேன். அவர் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பினார். ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"சின்னவிரல் நோகுது," என்றார். "சரியா நோகுதப்பா."

கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்த மனுசன் என் முகத்தைப் பார்த்து நோகுது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மிஸ்ஸைக் கூப்பிட எழும்பினேன். அழுத்தித் துடைத்தபோதுகூட நோகாத விரல் அது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

"நோகட்டும்! நல்லா நோகட்டும்!"