இது புதிது என்றார் டாக்டர்

முதலில் சிறுநீர் தே-ஓ, அதாவது பால் கலக்காத தேநீர், நிறத்தில் போனது. சில நாட்களில் கண்வெள்ளை மஞ்சளானது. மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்குள்ள வெக்கையால்தான் என்று நினைத்தேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. போதை ஊசி போட்டுக்கொண்ட கணவரிடமிருந்து வந்தது, அவர் இறந்துவிட்டார். மாத்திரையைத் தவறவிடாததால், பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கியிருந்தது. அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். "பாவம், புருஷனால கெட்டவ" என்று எல்லோரிடமும் சொல்வாள். அந்தப் பரிதாபத்தின் பேரில்தான் எனக்கு அங்கே ஓர் அறை.

மருத்துவமனையில் டாக்டர் அக்காவை வெளியே அனுப்பாமலே பேசினார்.

"ஹெபடைடிஸ் சி (இரத்தத்தின் வழி பரவி கல்லீரலைத் தாக்கும் கிருமி). போன வருஷ டெஸ்ட்ல இல்ல. இது புதுசு."

"இவ புருஷன் செத்து ஏழு வருஷமாச்சு டாக்டர். புதுசா எப்படி வரும்?" என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஊசி எடுக்கறீங்களா?"

"இல்ல."

"பார்ட்னர் இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுமாறு டாக்டரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அன்று வீட்டில் அக்கா என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"புருஷனால வந்துச்சுன்னுதான் உன்ன வச்சுப் பார்த்தேன். கண்டவன்கிட்ட வாங்கிட்டு வந்ததுக்கு என் வீட்ல இடம் இல்ல. வேற ரூம் பாருலா."

அந்தக் 'கண்டவன்' செல்வம். சித்தியவானிலிருந்து லாரி ஓட்டி வருபவர். என் எச்.ஐ.வி. பற்றி அவருக்கு முதலிலேயே சொல்லியிருந்தேன். போனில் இதையும் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன்.

"உன் உடம்புலதான் எல்லா நோயும் இருக்கு. என்னைச் சொல்றியா?" என்று வைத்துவிட்டார்.

புந்தோங்கில் ஓர் அறை எடுத்தேன். அடுத்த முறை டாக்டரிடம் தனியாகப் போனேன். செல்வத்தின் சவர பிளேடை நானும் பயன்படுத்தியதைச் சொன்னேன்.

"படுக்கையில வந்ததா, ஒரே பிளேட்ல சவரம் பண்ணதால வந்ததான்னு சொல்ல முடியாது. சிலருக்குத் தானா போயிரும். எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு அது குறைவு. காத்திருக்க வேணாம், இப்பவே மருந்து ஆரம்பிக்கலாம்."

நான் சாப்பிடும் எச்.ஐ.வி. மாத்திரையோடு மோதாதபடி புதிய மருந்தின் அளவை மாற்றித் தந்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டேன். தலைவலி, தூக்கமின்மை, வேலையில் மதியமானால் தூக்க முடியாமல் கனக்கும் ஈரப் போர்வைகள். யாரும் எப்படியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

மருந்து முடிந்து சில மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள்.

"கிருமி போயிருச்சு," என்றார் டாக்டர். "ஆனா எதிர்ப்பொருள் (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கியது) டெஸ்ட்ல எப்பவும் காட்டும். அது காவல் இல்ல. திரும்ப ஒட்டினா திரும்ப வரும்."

யாரிடமோ விசாரித்துக்கொண்டு, அந்த வாரமே செல்வம் என் அறைக் கதவைத் தட்டினார்.

"சரியாயிருச்சாமே. பழையபடி இருக்கலாம்லா."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எனக்கு என்னா இருக்கு?"

"அது தெரிஞ்சப்புறம் வாங்க," என்று கதவைச் சாத்தினேன். அவர் திரும்ப வரவில்லை.

எச்.ஐ.வி. வந்த நாளிலிருந்து, அடுத்த இரத்தப் பரிசோதனை வரைக்கும்தான் எனக்குக் காலம் என்று வாழ்ந்தேன். இப்போதும் பரிசோதனைக்குப் போகிறேன். அதற்கு அப்பாலும் நாட்கள் இருப்பது தெரிகிறது. முன்பெல்லாம் இந்த உடம்பை மற்றவர்கள் பாவம் பார்க்கும்படி வைத்துக்கொள்வேன். யாரும் பாவம் பார்க்காத மாதங்களில்தான் இது குணமானது.