கவாத்துக்குத் தப்பிய செடி

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, லயத்து வரிசை வீட்டு அக்கம்பக்கத்தாரே, இந்த நினைவு மலரை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாவகாசமாகப் படிக்க வேண்டாம். இங்கேயே படித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சித்தியின் பின்னால் போடிமெட்டு வழியாக மலையேறி வந்தார். சித்திரபுரத்துக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளித்தான் தம்பியை வளர்த்தார். பிறகு எங்களையும் வளர்த்தார். பனிக்கும் அட்டைக்கடிக்கும் அவர் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் கைவேலை நின்றுவிடும். வண்டி லயத்தைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விடுவார். அண்ணன் ஜீப் ஓட்டிவிட்டு வீடு திரும்பும்போதும் அப்படித்தான்.

காரணம் மாமா, அம்மாவின் அந்தத் தம்பி. தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் சேர்த்தவர். சேர்ந்த குடும்பங்களைத் தோட்டக் கம்பெனி லயத்தைவிட்டு விரட்டத் தொடங்கியபோது எதிர்த்து நின்றவர். ஒருநாள் பட்டப்பகலில் ஜீப்பில் வந்த ஆட்கள் தேயிலைக் காட்டுக்குள் வைத்து அவரை அடித்தே கொன்றார்கள். கால் தவறி விழுந்தார் என்று போலீசார் எழுதி முடித்தார்கள். அந்த இடத்தில் நம்மவர்கள் ஒரு கல் நட்டார்கள். மறுநாள் கல் ஓடையில் கிடந்தது. இன்னொரு கல் நட்டால் யாரும் லயத்தில் இருக்க முடியாது என்று கம்பெனி சொல்லி அனுப்பியது.

அதன் பிறகுதான் அந்தச் செடி. மாமா விழுந்த இடத்துத் தேயிலைச் செடியில் பெண்கள் யாரும் கொழுந்து கிள்ளவில்லை. கவாத்து வெட்ட வந்த ஆண்கள் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. இடுப்புயரத்துக்கு மேல் வளர விடாத செடி, மரமாகிப் பூத்தது.

தோட்ட மேனேஜராகப் புதிதாக வந்த ஒரு துரை அதை வெட்டச் சொன்னபோது அம்மா பதறிப்போய், "அது சாமி, தொரை. தொட்டா ரத்தம் கக்கிச் சாவாவ" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாராம். மஞ்சள் துணியும் கட்டிவிட்டார். செடி தப்பியது. ஆனால் வருஷம் போகப் போக மாமாவை எல்லோரும் மறந்துபோனார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு முன் கும்பிட்டார்கள். ஜீப் டிரைவர்கள் சூடம் கொளுத்தினார்கள். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. உண்மையைச் சொன்னால் செடி போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்வார்.

இப்போது அங்கே கோயிலாம். மரத்தை வெட்டிவிட்டுச் சிமெண்டுப் பீடம். அம்மா படுக்கையில் இருந்தபோதே இந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எந் தம்பிய சிமெண்டு போட்டு மூடிருவாவளா, தாயி?" என்று கேட்டார்.

கோயில் கமிட்டியில் என் அண்ணனும் இருக்கிறார். "சாமி இல்லன்னு நீ எழுதினா கம்பெனிக்காரன் நாளைக்கே வெட்டிருவான். பெறவு கோயிலும் கெடையாது, எடமும் கெடையாது. சும்மா இரு பிள்ளே" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் என்னைப் படுத்துகிறது. ஆனாலும் இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், இன்று வந்திருப்பவர்களுக்கும் நன்றி. எல்லோரையும்விட, அந்தச் செடியில் இத்தனை காலம் கை வைக்காமல் இருந்தவர்களுக்கு நன்றி.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அங்கே போய் நிற்பேன். கமிட்டி வந்தாலும் கம்பெனி வந்தாலும் சொல்லப்போவது ஒன்றுதான். அது சாமி இல்லை, எங்கள் மாமா. துணைக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். வரப் பயமாக இருந்தால் பெயரை மட்டுமாவது உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அவர் பெயர் சுப்பையா.