கதவுக்கும் வானத்துக்கும் நடுவே

மைசூர் சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவள் நான். கூடப் படித்த தோழி ஒருத்தி தன் முதல் குறும்படத்தை என்னிடம் கொண்டுவந்தாள். நஞ்சன்கூட்டில் ஒரு தாய், வீட்டை விட்டுப் போன மகனுக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் கை தாழ்ப்பாளைத் தொடுகிறது. அங்கே வெட்டி, வானத்தைப் போட வேண்டும் என்றாள் தோழி.

அந்த வானத்தை அவள் சமையலறையிலேயே எடுத்திருந்தாள். இரும்பு வாணலியில் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம். திரையில் பார்த்தால் நட்சத்திர மண்டலம் மெல்லச் சுழல்வது போலவே இருக்கும். அதோடு படம் முடிந்துவிடும்.

மகன் வாசலில் நிற்கும் ஷாட்டும் இருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லி நான் சண்டையே போட்டேன். அவள் அசையவில்லை.

என் அண்ணனும் அப்படிப் போனவன்தான். அப்பாவோடு வாக்குவாதம் செய்துவிட்டு பல வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் கிளம்பினான். அப்பா இறந்ததுகூட அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

படத்தைத் திரையிட்ட அன்று அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். விளக்கு போட்டதும் அம்மா தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையன் வந்துட்டானாம்மா?"

"அது நீங்க எப்படி நெனைக்கறீங்களோ அப்படித்தான், ஆன்ட்டி."

"ஹௌதா? அப்படியா? அப்போ வந்துட்டான்."

வீட்டுக்கு வந்தும் அம்மா அந்த முடிவையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். பொறுக்க முடியாமல், ஒருநாள் தோழியிடம் சொல்லாமல் வானத்தை எடுத்துவிட்டு, மகன் சிரித்துக்கொண்டு நிற்கும் ஷாட்டை ஒட்டினேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது வேண்டாம்டி. பழசையே போடு."

"ஏம்மா? இதுலதான் வந்துட்டானே."

"இதுல வந்தவன் யாரோ பெத்த பிள்ளை. அதுல யார் வேணாலும் வரலாம் இல்லையா?"

பழையதையே போட்டேன். கை தாழ்ப்பாளைத் தொட்டது. பால் இருட்டில் கலைந்து சுழன்றது. அதுவரை அதை ஒரு வெட்டாக மட்டுமே பார்த்துவந்த நான், அண்ணனுக்கு இப்போது தலை நரைத்திருக்குமா என்று முதல்முறையாக யோசித்தேன்.