முன்வரிசையில் விட்ட இடம்

யசிந்தா அக்கா எந்த வாசலைத் தாண்டினாலும் இடது காலைத்தான் முதலில் வைப்பார். வலது கால் முந்திக்கொண்டு வந்துவிட்டால் ஒரு கணம் நின்று, காலை மாற்றித்தான் உள்ளே போவார். தொழிற்சாலை வாசலில் கண்டிருக்கிறேன், ரயில் படியில் கண்டிருக்கிறேன், தேவாலயத்திலும் கண்டிருக்கிறேன். பல்பொருள் கடையின் தானாகத் திறக்கும் கதவு, இவர் கால் மாற்றுவதற்குள் பொறுமை இழந்து மூடிக்கொள்ளும். இவர் அசையமாட்டார். அது மறுபடி திறக்கும்வரை நின்று, இடது காலை வைத்து நுழைவார்.

நாங்கள் இருவரும் டென்மார்க்கின் துணி நகரமான இக்காஸ்டில் ஒரு தையல் ஆலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் பல வருடம் இருந்தோம். நான் கதைப்பது குறைவு. அதனால் அவர் என்னோடு நிறையக் கதைப்பார். கால் மாற்றுவதற்கான காரணத்தையும் அப்படித்தான் சொன்னார். மட்டக்களப்பில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் பாண்ட் வாத்திய அணியின் லீடர். பாண்டில் முதல் அடி எப்போதும் இடது கால். சின்ன வயதில் பழகியது, பிறகு போகவே இல்லை.

கலியாணத்தன்றும் போகவில்லை. திருகோணமலையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் மாமியார் ஆலத்தியோடு நின்று, "வலது காலை எடுத்து வை, மகள்" என்று சொல்லி முடிப்பதற்குள் இவருடைய இடது கால் உள்ளே போய்விட்டது. மாமியாரின் முகம் கறுத்தது. மாப்பிள்ளை கோணேஸ்வரன்தான் சிரித்துச் சமாளித்தார்.

"விடுங்கோ அம்மா. இவ பாண்ட்காரி. இவவின்ரை வீட்டிலை வலது கால் ரெண்டாவதாத்தான் பிறந்தது."

அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் யசிந்தா அக்கா கோணேஸ்வரன் அண்ணையின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுபாஜினி. இங்கேயே பிறந்தவள். பத்து வயதில் அவளை நகரத்துப் பாண்டில் சேர்த்தார்கள். டெனிஷ்காரர் அதைக் 'கார்ட' என்பார்கள். சிவப்பு மேற்சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு புல்லாங்குழலும் மேளமுமாகத் தெருவில் நடக்கிற பிள்ளைகளின் பாண்ட். சுபாஜினியைப் பார்த்து வேறு சில தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். அவர்களுடைய முதல் ஊர்வலத்தன்று பிள்ளைகள் விளையாட்டரங்கு வாசலால் வெளியே வர ஆயத்தமாக நின்றபோது, வேலிக்கு வெளியே மற்றத் தாய்மாரோடு நின்ற புஷ்பராணி அக்கா பெரிய குரலில் கத்தினார்.

"பிள்ளையள், வலது கால்! வலது காலை வைச்சு வாங்கோ!"

மேளம் தொடங்கியது. டெனிஷ்காரப் பிள்ளைகள் எல்லோரும் இடது காலில் புறப்பட, தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் வலது காலில் புறப்பட்டார்கள். ஒருவர் சப்பாத்தை ஒருவர் மிதித்து, ஒரு தொப்பி உருண்டு தெருவுக்கு வந்தது.

"இது கோயில் வாசல் இல்லை அக்கா, ரோட்டு!" என்றார் யசிந்தா அக்கா.

"ரோட்டிலை மட்டும் சனி பிடிக்காதோ?" என்றார் புஷ்பராணி அக்கா.

பாண்டைப் பழக்குகிற இங்கர்லீசெ தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். யசிந்தா அக்கா விளங்கப்படுத்தினார். கேட்டுச் சிரித்த இங்கர்லீசெ, பாண்ட் பற்றித் தெரிந்த ஒரு அம்மா கிடைத்தாரே என்று அன்றைக்கே பிடித்துக்கொண்டார். அதன்பிறகு செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு யசிந்தா அக்கா தவறாமல் போனார். மேற்சட்டைகளின் தையல் விட்டால் தைக்க நானும் போவேன்.

அந்தப் பாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை வராவிட்டால் அவளுடைய இடத்தை மற்றவர்கள் நெருங்கி நின்று மூடமாட்டார்கள். இடம் வெறுமையாகவே இருக்கும். திரும்பும்போதும் வளையும்போதும் அந்த வெறுமையும் வரிசையோடு கூடவே போகும். காய்ச்சல் மாறி வருகிறவள் நேரே வந்து தன் இடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்து ஆறில், போர்நிறுத்தம் பேருக்காவது இருந்த மாதங்களில், கோணேஸ்வரன் அண்ணை ஊருக்குப் போனார். அவருடைய தாய், யசிந்தா அக்காவின் மாமியார், அப்போது தன் மகளோடு கிளிநொச்சியில் இருந்தார். மகள் இறந்துபோக, மனுசி தனித்துவிட்டார். கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, ஒரு ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்புவது என்றுதான் போனவர். மாமியார் வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் விழ, புறப்பாடு தள்ளிக்கொண்டே போனது. ஓகஸ்டில் மறுபடி சண்டை மூண்டு வன்னிப் பாதையைப் பூட்டினார்கள். அவர் உள்ளே அகப்பட்டுவிட்டார். இடைக்கிடை தொலைபேசி வரும். பிறகு எப்போதாவது வரும்.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற நேரம், அடுத்த ஓகஸ்டில் நடக்கிற நகரவிழாவுக்கு என்ன காட்சி செய்யலாம் என்று இங்கர்லீசெ யோசித்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கிரேக்கரின் பழங்கதைகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு ராணி துணி நெய்கிறாள். துணி நெய்த நகரத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா என்று எல்லோருக்கும் சந்தோஷம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எனக்கு அந்தக் கதையை யசிந்தா அக்காதான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். ராசா சண்டைக்குப் போய்ப் பல வருடம். செத்திருப்பான், வேறு ஒருவனைக் கட்டு என்று சுற்றியிருப்பவர்கள் ராணியை நெருக்குகிறார்கள். இந்தத் துணி முடியட்டும் என்று அவள் தவணை கேட்கிறாள். பகலில் நெய்கிறாள், இரவில் அதையே பிரிக்கிறாள்.

"கடைசியில் என்ன?" என்று கேட்டேன்.

"வாறார்" என்றார். பாணைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

நெய்வதை எப்படி நடந்து காட்டுவது என்பதில் இங்கர்லீசெயும் யசிந்தா அக்காவும் பல செவ்வாய்க்கிழமைகள் மண்டையை உடைத்தார்கள். ஒரு சனிக்கிழமை யசிந்தா அக்காவின் குசினி மேசையில் பொத்தான்களைப் பரப்பி வைத்துப் பார்த்தோம். சிவப்புப் பொத்தான் புல்லாங்குழல், வெள்ளை மேளம். முதலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிட்டார்கள். அது நெசவாகத் தெரியவில்லை, சந்தையாகத் தெரிந்தது. பிறகு யசிந்தா அக்கா பின்னற் கோலாட்டத்தை நினைத்தார். கம்பத்தில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உள்ளாலும் ஒருத்தி வெளியாலும் போகப் போகக் கயிறு பின்னும். அப்படியே திரும்பி வந்த வழியே போனால் பிரியும். பொத்தான்களை உள்ளும் வெளியுமாக நகர்த்தினார். இங்கர்லீசெ எதிர்ப்பக்கத்திலிருந்து நகர்த்தினார். கம்பம் வேண்டாம், நடுவில் ராணி நிற்கட்டும் என்றது இங்கர்லீசெதான்.

ராணி, கோலைப் பிடித்துப் பாண்டை நடத்துகிறவள். அந்த வருடம் அது சுபாஜினி. அவள் கோலை உயர்த்திப் பிடித்திருக்கும்வரை எல்லோரும் நடப்பார்கள். இறக்கினால் நிற்பார்கள்.

ராசாவுக்கு என்று யசிந்தா அக்கா ஒரு மண்ணிறக் கோட்டுப் பொத்தானை எடுத்தார். மேசையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்து, எழும்பும்போது ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார்.

தை மாதத்தில் கோணேஸ்வரன் அண்ணை கடைசியாகக் கதைத்தார். எங்கிருந்து என்று சொல்லவில்லை. நேரமும் இல்லை. மகளிடம் கொடு என்றார். சுபாஜினி தகப்பனோடு மட்டும் தமிழில் கதைப்பாள். தாயோடு எல்லாம் டெனிஷ்தான்.

"என்ன, பாண்ட் லீடராமே?"

"ஓம் அப்பா. ஓகஸ்டிலை ஷோ இருக்கு."

"ஓகஸ்டுக்கு நான் வந்திடுவன். நீ நடத்து, நான் பாக்கிறன்."

அதோடு தொடர்பு அறுந்தது. சுபாஜினி அதைச் சொன்ன சொல் என்று பிடித்துக்கொண்டாள். அப்பா ஓகஸ்டுக்கு வருவார். ஒவ்வொரு பயிற்சியும் அவளுக்கு அதற்கான ஆயத்தமாக இருந்தது. தாய்க்கு அது தெரியும். பிள்ளை இந்த ஓகஸ்டை எப்படிக் கடக்கப்போகிறாள் என்பதுதான் யசிந்தா அக்காவின் ஒரே யோசனையாகிவிட்டது.

மே மாதம் சண்டை முடிந்தது என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொன்னது. எங்கள் ஆட்கள் பலரின் வீடுகளில் அன்று அடுப்பு மூட்டவில்லை. அடுத்த கிழமைகளில் யசிந்தா அக்கா வேலை இடைவேளையெல்லாம் தொலைபேசியோடு இருந்தார். வவுனியா முகாமில் இருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி அகப்பட்டாள். மாமியார் சண்டைக்குள் அகப்பட்ட மாத்தளன் கரையில் இறந்துவிட்டார் என்றாள். கோணேஸ்வரன் அண்ணை அவரை மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்து, இராணுவத்தின் பக்கம் கடக்கிற சனத்தோடு சனமாக வரிசையில் நின்றதைக் கண்டதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு காணவில்லை.

"வரிசையிலை நிண்டவராம்" என்று யசிந்தா அக்கா எனக்குச் சொன்னார். மெஷினைப் போட்டுக்கொண்டு ஒரு கழுத்துப்பட்டியைத் தைத்து முடித்தார். அதைத் தலைகீழாகத் தைத்திருந்தார். நான் வாங்கிப் பிரித்தேன்.

யூன் மாதத்தில் காட்சியின் முடிவைத் தீர்மானிக்க வேண்டி வந்தது. ராசா விளையாட்டரங்கு வாசலால் நடந்து வந்து ராணியின் பக்கத்தில் நிற்கவேண்டும். பெரிய மேளம் அடிக்கிற ராஸ்முஸ் உயரமான பெடியன், தாடியும் ஒட்டலாம் என்றார் இங்கர்லீசெ. யசிந்தா அக்கா ஒத்துக்கொண்டார். வாசலால் ஒருவர் வந்துவிட்டால் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள் என்பது அவர் எண்ணம்.

பயிற்சியில் ராஸ்முஸ் வாசலில் தோன்றியதும் சுபாஜினி கோலை இறக்கிவிட்டாள். பாண்ட் முழுதும் நின்றது.

"அது அவனுடைய இடமில்லை" என்றாள் டெனிஷில்.

"கதையிலை ராசா வரவேணுமெல்லோ, மகள்?"

"வரவேணும். அதனாலைதான் சொல்லுறன். வராத ஆளின்ரை இடத்தை மூடுறதில்லை. உங்களுக்குத் தெரியாதா?" இதுவும் டெனிஷில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

ராஸ்முஸ் நல்ல பெடியன். தாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தனக்கு மேளமே போதும் என்றான்.

அன்று பின்னேரம் யசிந்தா அக்கா புதிய முடிவைச் சொன்னார். துணி நெய்து, பிரித்து, கடைசியில் எல்லோரும் ஒரே வரிசையாகி வாசலைப் பார்த்துத் திரும்புவார்கள். ராணிக்குப் பக்கத்தில் ஒரு இடம் விடப்படும். நின்ற இடத்திலேயே எட்டுத் தாளக்கட்டு இடது வலது போடுவார்கள். கோல் இறங்கும். முடிந்தது. வந்தார் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. இங்கர்லீசெ சரி என்றார்.

விழா நாள் வெயிலாக இருந்தது. தமிழ் ஆட்கள் ஒரு பக்கமாக இருந்தோம். நான் பிள்ளைகளின் மழைச்சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில், யசிந்தா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். பாண்ட் நெய்தது. சிவப்பும் வெள்ளையும் உள்ளாலும் வெளியாலும் போய்வர, புல்தரை உண்மையிலேயே துணிபோல் இருந்தது. பிறகு பிரித்தார்கள். ஒரு கால் பிசகவில்லை. யசிந்தா அக்காவின் உதடு அவர்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

வரிசை வாசல் பக்கம் திரும்பியது. சுபாஜினியின் பக்கத்தில் இடம் இருந்தது. இடது, வலது. எட்டுத் தாளக்கட்டு முடிந்தது. கோல் இறங்கவில்லை.

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்தார்கள், ஆனால் கால் நிற்கவில்லை. இதுவும் காட்சிதான் என்று நினைத்த டெனிஷ்காரர் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கைதட்டவில்லை. புஷ்பராணி அக்கா எழும்பி நின்றார். பிறகு எல்லோரும் எழும்பி வாசலைப் பார்த்தார்கள். எனக்கும் கண் அங்கேதான் போனது. திறந்த வாசலுக்கு அப்பால் நிறுத்தி வைத்த கார்கள்தான் தெரிந்தன.

இங்கர்லீசெ யசிந்தா அக்காவைப் பார்த்தார். யசிந்தா அக்கா புல்தரையின் வெள்ளைக் கோட்டில் ஒரு கணம் நின்றார். கால் மாற்றினார். இடது காலை வைத்து நடந்து போய் மகளின் பக்கத்தில், அந்த விட்ட இடத்தில் ஏறாமல், அதற்கு மற்றப் பக்கத்தில் நின்றார். இடம் இருவருக்கும் நடுவில் இருந்தது. என்ன கதைத்தார்கள் என்று அவர் பிறகு எனக்குச் சொன்னார்.

"காணும், மகள். இறக்கு."

சுபாஜினி வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம், அம்மா."

தமிழில் சொன்னாள். யசிந்தா அக்கா வேலைக்குப் போடுகிற தட்டைச் சப்பாத்தோடு தானும் நின்ற இடத்தில் கால்போடத் தொடங்கினார். இடது, வலது. ராஸ்முஸ் முகத்தைத் துடைக்க முடியாமல் அடித்துக்கொண்டே இருந்தான். கைதட்டல் தானாகக் குறைந்து நின்றது. மேளமும் காலடியும் மட்டும் கேட்டன. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு சுபாஜினி கோலை இறக்கினாள்.

அந்தக் காட்சியை அதற்குப் பிறகு பாண்ட் செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நாங்கள் இருந்த ஆலையும் பூட்டப்பட்டுவிட்டது. யசிந்தா அக்கா இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் பாண்டுக்குப் போகிறார். சுபாஜினி ஓகூஸ் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். தாயோடு தமிழும் டெனிஷும் கலந்து கதைக்கிறாள். கோணேஸ்வரன் அண்ணையைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. மண்ணிறப் பொத்தான் யசிந்தா அக்காவின் ஏப்ரன் பையில் இருக்கிறது.